திருக்கழுக்குன்றத்துக்கு இரண்டு வழிகள்

1. எல்லா விளக்கும் பச்சை

ஹாலில் இருந்த நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் "ஹலோ... ஹலோ..." என்று சொன்னார்கள். நான் அந்த வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. சர்வர் ரூமிலிருந்து வெளியே வந்து பார்த்தால், எல்லோரும் ஹெட்செட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது எங்கள் சென்டர். நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நிற்பவர்கள் ஒரு உதவி எண்ணுக்குப் போன் செய்வார்கள். அந்த அழைப்பு சென்னையில் ஒரு கம்பெனியின் டேட்டா சென்டருக்குப் போகும். அங்கிருந்து நெட் வழியாக எங்களுக்கு வரும். எங்கள் பெண்கள் இடத்தையும் பழுதையும் கேட்டு, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கையோ இழுவை வண்டியையோ அனுப்பிவைப்பார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, உருது எதில் பேசினாலும் பதில் சொல்ல ஆள் உண்டு. எல்லோரும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்.

நடத்தியவர் ஹாஜா பாய். செங்கல்பட்டு பஜாரில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். "வண்டி நின்னுபோனவன் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்று இந்தத் தொழிலுக்கு வந்தார். நான் கலைச்செல்வி. பாலிடெக்னிக் படித்து, பல வருஷம் நாவலூரில் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு, தினமும் பஸ் மாறி மாறிப் போக முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவள். இங்கே நெட்வொர்க் ஆள் என்றால் நான் ஒருத்திதான்.

முதல் வரிசையில் பரிமளா எழுந்து நின்றுவிட்டாள். மூன்று வருஷமாக அங்கே வேலை செய்பவள். மற்றவர்களுக்கு ஒரு சந்தேகம் என்றால் அவளிடம்தான் போவார்கள்.

"க்கா, ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட ரோட்ல நிக்குது. கார்லேர்ந்து பொக வருதாம். எறங்கி தூரமா போம்மான்னு சொல்லிக்கினு இருந்தேன், கட்டாயிடுச்சு."

"நம்பர் இருக்கா?"

"ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சு. நம்பர் தெரியுது."

"உன் மொபைல்லேர்ந்து பேசு."

அவள் பேசப் போனாள். நான் உள்ளே ஓடினேன்.

எங்களிடம் இரண்டு ரூட்டர், இரண்டு கம்பெனியின் ஃபைபர் லைன். ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ரேக்கில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. முதல் ரூட்டர் "நான்தான் ஆக்டிவ்" என்றது. இரண்டாவது ரூட்டர் "நான் ஸ்டாண்ட்பை" என்று சும்மா இருந்தது. சென்னைக்கு 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அடித்தால் பதிலே இல்லை.

முதல் ரூட்டரின் ஹால் பக்கப் போர்ட்டை, அதாவது ஒயர் செருகும் வாயை, நானே கட்டளை கொடுத்து மூடினேன். இரண்டாவது உடனே ஆக்டிவ் ஆனது. திரும்பவும் பிங் அடித்தேன். அதிலும் பதில் இல்லை. இரண்டு லைனும் செத்திருந்தது.

லைன் திரும்பி வர மதியம் ஆகிவிட்டது. சாலை அகலப்படுத்தும் இடத்தில் ஜேசிபி கேபிளை இழுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பரிமளா அந்தப் பெண்ணைத் தன் சொந்த போனில் பிடித்து, மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். அது ஒன்றுதான் அன்று உருப்படியாக நடந்தது.

சாயங்காலம், எங்களுக்கு வேலை தரும் அந்தச் சென்னை கம்பெனியின் டெக்னிக்கல் அதிகாரி ஸ்ரீதர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"மேடம், அடுத்த மாசக் கடைசியில நான் நேர்ல வரேன். என் இஷ்டத்துக்கு எதை வேணும்னாலும் பிடுங்குவேன். ஒரு கால் கட் ஆனாலும் இந்த வேலையை எங்க நாவலூர் சென்டருக்கு மாத்திடுவாங்க. இது என் முடிவு இல்ல. மேல எடுத்தது."

அதை ஹாலில் வந்து சொன்னேன். பரிமளாதான் கேட்டாள்.

"நாவலூருக்கு மாத்துனா எங்களையும் கூட்டினு போவாங்களா க்கா?"

"கூப்பிடலாம்."

"கூப்ட்டா மட்டும்? எம்பொண்ண யாரு ஸ்கூல்லேர்ந்து கூட்டியாருவா?"

அந்த ஹாலில் பாதிப் பேருக்கு அதே கேள்வி இருந்தது.

2. ஸ்டியரிங்கை விடாத டிரைவர்

மறுநாள் ஹாஜா பாய் எதிரே உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா இது? ரெண்டு பொட்டி கீது, ரெண்டு லைன் கீது. அப்பறம் எப்படி எல்லாம் படுத்துச்சு?"

"பாய், தூரம் போற பஸ்ல ரெண்டு டிரைவர் இருப்பாங்கல்ல?"

"ஆமா."

"முதல் டிரைவர் மயங்கி விழுந்தா ரெண்டாவது ஆள் ஸ்டியரிங்கைப் பிடிப்பாரு. நம்ம ரூட்டரும் அப்படித்தான். ஆக்டிவா இருக்கிறது நொடிக்கு நொடி 'நான் இருக்கேன்'னு அடுத்ததுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தக் குரல் நின்னாத்தான் அடுத்தது எழுந்து வரும்."

"நேத்து ரெண்டாவது டிரைவர் தூங்கிட்டானா?"

"இல்ல பாய். முதல் டிரைவர் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. வண்டி நகரலைங்கிறதுதான் அவருக்குத் தெரியல."

பாய் சிரித்தார். "அந்த மாதிரி டிரைவரை எனக்கும் தெரியும்" என்றார்.

ரூட்டரின் பழைய கான்ஃபிகரேஷனை, அதாவது அதற்குள் எழுதியிருந்த கட்டளைகளை, எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன் இருந்தவர்கள் லைனைக் கண்காணிக்க ட்ராக்கிங் போட்டுத்தான் இருந்தார்கள். ஆனால் அது ரூட்டரின் வெளிப்பக்கப் போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. அந்தப் போர்ட்டோடு சேர்ந்திருந்தது எங்கள் கட்டடத்திலேயே, ஃபைபர் வந்து சேரும் இடத்தில் இருந்த ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி. பெட்டிக்குக் கரண்ட் இருக்கும்வரை போர்ட் உயிரோடுதான் இருக்கும். பல கிலோமீட்டர் தள்ளிக் கேபிள் அறுந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

அதோடு எண்ணிலும் கோளாறு. முதல் ரூட்டரின் ப்ரையாரிட்டி நூற்றுப் பத்து, இரண்டாவதின் ப்ரையாரிட்டி நூறு. யாருக்கு எண் அதிகமோ அவர் ஆக்டிவ். ட்ராக் விழுந்தால், அதாவது லைன் போனதாகத் தெரிந்தால், முதலாவதில் ஐந்து குறையும் என்று போட்டிருந்தார்கள். ஐந்து குறைந்தாலும் நூற்றைந்து. நூறைவிடப் பெரிதுதான். போர்ட்டே செத்தாலும் மாறியிருக்காது.

அதனால் ட்ராக்கிங்கை மாற்றினேன். போர்ட்டைப் பார்க்காமல், சென்னையில் அழைப்புகளைக் கையாளும் சர்வருக்கே ரூட்டர் விடாமல் பிங் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் முப்பது குறைய வேண்டும். நூற்றுப் பத்து எண்பதாகிவிடும். இரண்டாவது ரூட்டர் தானாக எழுந்து வரும்.

இன்னொரு விஷயம். நாங்கள் மட்டும் வழி மாறினால் போதாது. சென்னையிலிருந்து திரும்பி வரும் குரலும் புது வழியில் வர வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் பேசுவது போகும், அவர்கள் பேசுவது வராது. அதைச் செய்ய வேண்டியது ஸ்ரீதர். தயங்கித்தான் கூப்பிட்டேன். பரீட்சை வைப்பவரிடமே உதவி கேட்கிறோமே என்று இருந்தது.

"சார், உங்க பக்கமும் இதே மாதிரி ட்ராக்கிங் போடணும்."

அவர் கான்ஃபிகரேஷனை அனுப்பச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "சரியாத்தான் கேட்டிருக்கீங்க. முன்னாடியே நாங்க போட்டிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு பயம் போய்விட்டது. மரியாதை வந்தது.

3. ஒயர் போன வழி

ஆனால் பெரிய கேள்வி மிச்சம் இருந்தது. இரண்டு கம்பெனி லைனும் ஒரே ஜேசிபியில் எப்படிப் போனது?

அதற்கு கம்ப்யூட்டரில் பதில் இல்லை. காலையில் ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கள் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஒயரைப் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டு ரோட்டில் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஒரு டீக்கடைக்காரர், "மேலே பாத்துக்கினு ஓட்டாதம்மா, லாரி வருது" என்று சத்தம் போட்டார்.

செங்கல்பட்டு ரயில்வே கேட் பக்கம் வந்து வண்டியை நிறுத்தியபோது விஷயம் புரிந்துவிட்டது. கம்பெனி இரண்டு, பில் இரண்டு. ஆனால் திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு வரை இரண்டு கேபிளும் ஒரே கம்பங்களில், ஒரே கொக்கியில், ஒன்றாகக் கட்டித் தொங்கின. கம்பம் இல்லாத இடங்களில் ஒரே பள்ளத்தில் புதைந்தும் போயின.

நம்மூருக்கு இரண்டு பக்கமும் ரோடு இருக்கிறது. மேற்கே போனால் செங்கல்பட்டு. கிழக்கே போனால் மாமல்லபுரம். இரண்டாவது லைன் கடற்கரைப் பக்கமிருந்து வந்தால் எந்த ஜேசிபியாலும் இரண்டையும் ஒன்றாகப் பிடுங்க முடியாது.

மாமல்லபுரத்தில் ஹோட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் நெட் கொடுப்பவர் அந்தோணி. ஈசிஆர் ரோட்டு ஓரம், கல் உளிச் சத்தத்துக்கு நடுவில் அவர் ஆபீஸ். அவருடைய லைன் கடற்கரை ரோடு வழியாக வடக்கே போய்ச் சென்னையைச் சேர்கிறது. அதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க ஒருத்தருக்கோசரம் அவ்ளோ தூரம் கேபிள் இஸ்துகினு வந்தா எனக்குக் கட்டுப்படியாவாதும்மா" என்றார் அந்தோணி.

"வழியில வேற கஸ்டமர் கிடைச்சா?"

"எத்தினி பேர்?"

"ஒரு பத்து பேர் கிடைச்சா போடுவீங்களா?"

"பத்து பேர் வந்தா போட்டுக் குடுக்கறேன். ஆனா நாளைக்கு சும்மா பேர் எழுதிக்கினு வரக்கூடாது."

அன்று சாயங்காலம் பாயிடம் சொன்னேன். ஹாஜா பாயின் முழுத் திறமையும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உதிரிபாகம் விற்றவர். மறுநாளே காரை எடுத்தார். நானும் கூடப் போனேன். கிழக்கு ரோட்டில் ஒரு தனியார் ஸ்கூல், ஒரு நர்ஸிங் ஹோம், இரண்டு ரைஸ் மில், சிற்பப் பட்டறை ஒன்று என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினோம்.

"நெட் கீதா?" என்று ஆரம்பிப்பார்.

"கீது பாய். ஆனா அப்பப்போ போயிடும்."

"போவாத நெட்டு ஒண்ணு வருது. நான் வாங்கறேன். நீயும் வாங்கு. பேஜாரு வுட்டுச்சு." அவ்வளவுதான் பேச்சு. பட்டறைக்காரர், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சிலையைப் போனில் காட்டும்போதெல்லாம் படம் உறைந்துவிடுகிறது என்று தன் பங்குக்குப் புலம்பி, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மூன்றே நாளில் பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்தோணி எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க பாயை எனக்கு சேல்ஸுக்கு அனுப்பறீங்களா?" என்று கேட்டார்.

4. வரப்போரம் ஆறு கம்பம்

கேபிள் வேகமாக வந்தது. ஒரு இடத்தில் நின்றது. பாலம் வேலை நடந்த ஒரு துண்டு ரோட்டில் கம்பம் நட அனுமதி இல்லை. பக்கத்து வயல் வரப்போரமாக ஆறு கம்பம் நட்டால் தாண்டிவிடலாம். வயல்காரரைக் கேட்க வேண்டும்.

யார் வயல் என்று விசாரித்தபோது எனக்குக் கால் கொஞ்சம் பின்வாங்கியது. அந்த வயல்களில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். கூலி வாங்க அந்த வீட்டு வாசலுக்குப் போகும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். கேட்டுக்கு வெளியேதான் நிற்போம். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை.

"நான் போயி பேசறேன்" என்றார் ஹாஜா பாய்.

"இல்ல பாய். லைன் என் வேலை. நான் போறேன்."

கேட்டைத் திறந்து உள்ளே போனேன். அந்த வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகன், என் வயதுக்காரர், வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கம்பம் எங்கே எங்கே வரும், டிராக்டர் போக எவ்வளவு இடம் விடுவோம் என்று ஒரு பேப்பரில் வரைந்து காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"யார் வூட்டுப் பொண்ணு?"

அம்மா பேரைச் சொன்னேன். "உங்க வயல்ல நடவுக்கு வந்துக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காந்து பேசுங்க, நின்னுக்கினே இருக்கீங்களே" என்றார். உட்கார்ந்தேன். உள்ளே திரும்பி இரண்டு காபி சொன்னார். அந்தக் காபி வரும்வரை நான் வரைந்த பேப்பரைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். பிறகு, வரப்பைக் கொஞ்சம் அகலமாக்கித் தருவதாகவும், தன் வீட்டுக்கும் ஒரு கனெக்‌ஷன் வேண்டும் என்றும் சொன்னார். பதினான்காவது வாடிக்கையாளர்.

வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணாமல் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். அம்மாவுக்குப் போன் செய்து, "இன்னிக்கு அந்த வூட்ல காபி குடிச்சேன்" என்று சொன்னேன். "சக்கரை சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள் அம்மா.

5. அவசரப்பட்டுத் திரும்பும் ரூட்டர்

கடற்கரை லைன் வந்ததும் மதிய உணவு இடைவேளைகளில் ஒத்திகை பார்த்தோம். பரிமளாவும் இன்னும் நான்கு பேரும் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் தங்களுக்குள் போன் பேசிக்கொள்வார்கள். நான் லைனைப் பிடுங்குவேன்.

முதல் ஒத்திகையில் நன்றாக மாறியது. ஒரு மூச்சு நேரம் அமைதி, அப்புறம் பேச்சு தொடர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பிடுங்கிய லைனைத் திரும்பச் செருகினேன். அப்போதுதான் வந்தது தொல்லை.

லைன் வந்ததும் முதல் ரூட்டர் உடனே ஆக்டிவ் பதவியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆனால் லைன் இன்னும் நிலைக்கவில்லை, ஒரு நிமிஷம் தடுமாறியது. உடனே இரண்டாவது ரூட்டருக்குப் போனது. மறுபடி முதலாவதற்கு வந்தது. ஹாலில் பேச்சு விட்டு விட்டு வந்தது.

"க்கா, என் குரல் எனக்கே துண்டு துண்டா கேக்குது" என்றாள் பரிமளா.

"முதலாவது அவசரப்படுது. உடம்பு சரியில்லாதவங்க எழுந்து உக்காந்ததும் வேலைக்குக் கிளம்பற மாதிரி."

"என் மாமனார் அப்படித்தான். காய்ச்சல் வுட்ட அன்னிக்கே கடை தொறப்பாரு. மறுநாள் திரும்பப் படுப்பாரு."

அதற்கு மருந்து இருக்கிறது. லைன் திரும்பி வந்தாலும், சில நிமிஷம் இடைவிடாமல் பிங்குக்குப் பதில் வந்த பிறகுதான் ட்ராக் "நலம்" என்று சொல்ல வேண்டும். அந்தத் தாமதத்தைப் போட்டேன். விழுந்தால் சட்டென்று விலக வேண்டும், எழுந்தால் நிதானமாகத் திரும்ப வேண்டும். இந்த இரண்டு நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது பலர் மறந்துவிடும் விஷயம்.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு ஒத்திகை. கடைசி இரண்டில் நான் எப்போது பிடுங்கினேன் என்று பரிமளாவால் சொல்ல முடியவில்லை.

6. ஸ்ரீதர் வந்த நாள்

சொன்னபடி வந்தார். முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு பை. ஹாஜா பாய் நாஸ்தா சொல்லியிருந்தார். ஸ்ரீதர், "வேலை முடியட்டும் பாய்" என்றார். எனக்கு அது பிடித்தது.

ஹாலில் நாற்பது பேரும் உண்மையான அழைப்புகளில் இருந்தார்கள். ஒத்திகை அல்ல. ரோட்டில் நிஜமாகவே மாட்டிக்கொண்டவர்கள் மறுமுனையில்.

ஸ்ரீதர் ரேக்கின் பின்னால் போனார். முதல் லைனின் கேபிளைப் பிடுங்கினார். ஹாலைப் பார்த்தோம். யாரும் தலை நிமிரவில்லை. திரும்பச் செருகிவிட்டு, நேரம் கொடுத்து, முதல் ரூட்டரின் பவரையே நிறுத்தினார். ஹாலில் ஒரு பெண் ஒரு நொடி ஹெட்செட்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தொடர்ந்து பேசினாள். பாய் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவர் அதோடு விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

முதல் ரூட்டர் பழையபடி ஆக்டிவ் ஆகி நிலைக்கும்வரை காத்திருந்தார். பிறகு ரேக்கை விட்டுத் தள்ளி வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். மொபைலை எடுத்துச் சென்னையில் இருந்த தன் ஆட்களிடம், "போடுங்க" என்றார்.

ரேக்கில் எல்லாம் பச்சை. எந்த விளக்கும் மாறவில்லை. அவர் சென்னையில் எங்கள் முதல் லைனின் பாதையை நடுவிலேயே அடைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. எந்தச் சோதனையில் நாங்கள் தோற்றோமோ அதே சோதனை.

நான் இரண்டாவது ரூட்டரின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமளா அப்போது மேல்மருவத்தூர் தாண்டி அச்சு முறிந்து நிற்கும் ஒரு லாரி டிரைவருடன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு நின்றது. திரையில் ஒரு வரி வந்தது: ஸ்டாண்ட்பை, ஆக்டிவ் ஆனது.

"இருக்கேண்ணா, சொல்லுங்க" என்றாள் பரிமளா. "பின்னாடி வர்ற வண்டிக்குத் தெரியற மாதிரி கெளை ஒடிச்சுப் போட்டீங்களா?"

ஸ்ரீதர் அவள் அழைப்பை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கேட்டார்.

"இப்ப நடுவுல ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இன்னா சார் தெரியணும்?"

"லைன்ல."

"அவுரு பீடி பத்த வெச்சாரு போல. கொஞ்ச நேரம் பேசல."

ஸ்ரீதர் சிரித்துவிட்டார். அதுவரை அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. சென்னையில் அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டார். ஒரு அழைப்புகூடக் கட் ஆகவில்லை. "பாய், இப்ப சாப்பிடலாம்" என்றார்.

பாய் இட்லியைத் தானே பரிமாறினார். வேலை எங்கள் ஊரிலேயே இருக்கும் என்று ஸ்ரீதர் சொன்னதும், கையில் கரண்டியோடு ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

7. மழை நாள்

அந்த வருஷம் ஐப்பசி மழை பெரிதாக வந்தது. ஒரு நாள் விடிந்ததிலிருந்து காற்று. செங்கல்பட்டு ரோட்டில் புளியமரங்கள் சாய்ந்து கம்பங்களோடு கேபிளையும் இழுத்துப் போட்டன. மேற்கு லைன் காலையிலேயே போய்விட்டது. ரூட்டர் தானாகக் கிழக்குக்கு மாறியது. எனக்கு மொபைலில் ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். ஹாலில் யாருக்கும் தெரியாது.

மழை என்றால் ரோடெல்லாம் வண்டிகள் நிற்கும். அழைப்பு கொட்டியது. பதினோரு மணி வாக்கில் ஸ்ரீதர் கூப்பிட்டார்.

"மேடம், எங்க சென்னை கால் சென்டர்ல தண்ணி வந்துடுச்சு. டேட்டா சென்டர் வேற இடம், அது ஓடுது. ஆட்களை வெளியே அனுப்பிட்டோம். உங்களால எவ்வளவு கால் எடுக்க முடியும்?"

நான் ஹாலைப் பார்த்தேன். பரிமளாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அனுப்பச் சொல்லுங்க க்கா. லீவுல கீறவங்களையும் கூப்புடறேன்."

"எவ்வளவு அனுப்ப முடியுமோ அனுப்புங்க சார்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில், அன்று வேலை இல்லாத பெண்கள் குடையோடும் ரெயின்கோட்டோடும் படியேறி வந்தார்கள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. உட்கார நாற்காலி போதவில்லை. பாய் கீழே மண்டபத்திலிருந்து கல்யாண நாற்காலிகளைத் தூக்கி வரச் செய்தார். திண்டிவனம், வாலாஜா, ஓங்கோல் என்று எங்கெங்கோ நின்ற வண்டிகளுக்கெல்லாம் திருக்கழுக்குன்றத்திலிருந்து பதில் போனது. வெள்ளத்தில் நின்ற ஒரு வேனிலிருந்து ஒரு குடும்பத்தைப் படகில் இறக்கும்வரை ஷபானா என்ற பெண் உருதுவில் பேசிக்கொண்டே இருந்தாள். இறங்கிவிட்டோம் என்று அவர்கள் சொன்னதும் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே அடுத்த அழைப்பை எடுத்தாள்.

இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றதைச் சொல்கிறேன், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக. பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பது சுலபம். போக வேண்டிய இடத்துக்குப் பேச்சு போய்ச் சேர்கிறதா என்று ரூட்டரையே கேட்கவையுங்கள். கேபிள் எந்த வழியாக வருகிறது என்பதைக் கம்பெனிக்காரர் சொல்லக் கேட்காமல் நீங்களே போய்ப் பாருங்கள். முதல் வழியைத் தினமும் பிடுங்கி, மாற்று வழியில் ஓட்டிப் பழகுங்கள். பழகாத மாற்று வழி சமயத்துக்கு உதவாது.

மாலையில் மழை விட்டது. பாய் பிரியாணி வரவழைத்திருந்தார். அண்டா மூடியைத் திறக்கும்போது என்னிடம் சொன்னார்.

"செங்கல்பட்டு லைன் தாங்கிடுச்சே இன்னிக்கு."

"அது காலையிலேயே போயிடுச்சு பாய். நாள் பூரா கடற்கரை லைன்லதான் ஓடுது."

பாய் கரண்டியை அப்படியே வைத்தார். "சொல்லவே இல்லியேம்மா."

"சொல்ற மாதிரி எதுவும் நடக்கலையே."

அவர் ஹாலின் நடுவில் போய் நின்று, கையைத் தட்டி எல்லோரையும் பார்க்கச் சொல்லி, காலையிலிருந்து மேற்கு லைன் இல்லை என்பதைச் சொன்னார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பரிமளா எழுந்தாள். ஷபானா எழுந்தாள். வரிசை வரிசையாக, கல்யாண நாற்காலியில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் என் பக்கம் திரும்பி எழுந்து நின்று கைதட்டினார்கள். அழைப்பில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்கள். நான் சர்வர் ரூம் வாசலில் நின்று, கடைசிக் கைதட்டல் ஓயும்வரை முழுதாக அதை வாங்கிக்கொண்டேன்.